மனநல விடுப்பு முடிந்து டியூட்டிக்குத் திரும்பும் செவிலியர்: கடலூர், புதுச்சேரி வார்டுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மனச்சோர்வுக்கோ பதற்ற நோய்க்கோ இருமுனைக் கோளாறுக்கோ சிகிச்சை எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு செவிலியர் வேலைக்கு வருகிறார். ஆபீசில் தகுதிச் சான்றிதழைக் கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறார். அன்றைக்கே பெயர் ரோஸ்டரில், அதாவது டியூட்டி அட்டவணையில், ஏறிவிடுகிறது. அடுத்த வாரமே நைட். ஒன்றரை மாதத்தில் அவர் மறுபடி லீவு லெட்டர் எழுதும்போது, "இவங்களுக்கு இந்த வேலை ஒத்துவராது" என்று வார்டு முடிவுகட்டிவிடுகிறது. ஒத்துவராதது வேலையா, அந்த ரோஸ்டரா என்று யாரும் பார்ப்பதில்லை.

ஆறுதலாக நாலு வார்த்தை பேசுவது அவசியம்தான். ஆனால் திரும்பி வந்தவர் வேலையில் நிலைப்பதும் நிலைக்காததும் பெரும்பாலும் முதல் மூன்று மாத டியூட்டி சார்ட்டில்தான் இருக்கிறது. அதனால் இது முதலில் ரோஸ்டர் எழுதும் இன்சார்ஜ் சிஸ்டருக்கும் நர்சிங் சூப்பரிண்டென்டுக்கும். திரும்பி வருபவரும் படித்துவிட்டுத் தனக்கு என்னென்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல்களும், இப்படி விடுப்பில் இருப்பவர்களுக்குச் சிகிச்சையோடு வேலை சார்ந்த உதவியையும் சேர்த்துத் தருவதைப் பரிசீலிக்கச் சொல்கின்றன.

படி 1: விடுப்பில் இருக்கும்போதே ஒருவர் தொடர்பில் இருக்கட்டும்

யார் கூப்பிட வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை கூப்பிட வேண்டும் என்பதை அவரிடமே கேளுங்கள். ஒரே ஒருவர் போதும். அது இன்சார்ஜாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சில இடங்களில் இன்சார்ஜோடு இருந்த உரசலே நோயை முற்ற வைத்திருக்கும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு சின்ன போன் போதும். "எப்ப ஜாயின் பண்றீங்க?" என்ற கேள்வி மட்டும் அதில் வேண்டாம்.

வார்டு வாட்ஸ்அப் குழுவையும் யோசிக்க வேண்டும். இரவு பதினொன்றுக்கு "நாளைக்கு மார்னிங் யாராவது எக்ஸ்சேஞ்ச் பண்ண முடியுமா?" என்று வரும் செய்தி, தூக்கத்துக்காக மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருப்பவரை எழுப்பிவிடும். குழுவில் இருக்கிறாரா, கொஞ்ச நாள் வெளியே இருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்காமல் எடுத்துவிட்டால், தன்னை வேலையிலிருந்தே எடுத்துவிட்டார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

படி 2: காகிதங்களைச் சரியாக வாங்குங்கள்

புதுச்சேரியில் உள்ள மத்திய அரசின் ஜிப்மரிலும் புதுச்சேரி அரசு மருத்துவமனைகளிலும் 1972-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் விடுப்பு விதிகள் செல்லும். கடலூர் பக்கம் தமிழ்நாடு அரசுப் பணியில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு விடுப்பு விதிகள், 1933. மத்திய விதிகளின்படி, மருத்துவச் சான்றின் பேரில் விடுப்பில் போனவர் தகுதிச் சான்று தராமல் பணியில் சேர முடியாது. அதற்கான படிவம் 5-ஐ ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நோயிலிருந்து குணமடைந்துவிட்டார், பணிக்குத் திரும்பத் தகுதியோடு இருக்கிறார் என்பதுதான் அதன் சாரம். என்ன நோய் என்று அதில் எழுதத் தேவையில்லை. ஆகவே சான்றிதழை வாங்கும் கிளார்க், "அதான் என்ன வியாதின்னு போடலையே" என்று திருப்பி அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை.

அதே படிவத்தில் ஒரு குறையும் உண்டு. வேலைக்குத் தகுதி என்று சொல்கிறதே தவிர, எந்த மாதிரி டியூட்டிக்கு என்று சொல்வதில்லை. அதனால் சிகிச்சை தரும் மருத்துவரிடம் தனியாக இன்னொரு கடிதம் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நாலு வரி போதும்: முதல் ஆறு வாரம் இரவுப் பணி வேண்டாம், ஈவினிங் முடிந்த மறுநாளே மார்னிங் வேண்டாம், மாதம் ஒருமுறை மருத்துவமனைக்கு வர அனுமதி தேவை, இன்ன தேதியில் மறுபரிசீலனை. இதிலும் நோயின் பெயர் வேண்டாம். இந்தக் கடிதம் கையில் இருந்தால்தான், "அவங்களுக்கு மட்டும் ஏன் நைட் இல்லை?" என்று மற்றவர்கள் கேட்கும்போது இன்சார்ஜ் தடுமாறாமல் பதில் சொல்ல முடியும்.

கடலூர் - புதுச்சேரி சாலையில் எத்தனையோ தனியார் மருத்துவமனைகள், மருத்துவக் கல்லூரிகள். அங்கே மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் நடக்கிறது என்றால், தகுதி நாட்கள் நிறைந்தவருக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவித்தொகையாகக் கிடைக்கும். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, தீவிர மனச்சோர்வில் ஒரு வகை ஆகியவை இஎஸ்ஐயின் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் வருபவர்களுக்கு 80 சதவீதம் வீதம், கூடுதல் காலத்துக்கு உதவி நீளும். இது தெரியாமல் சம்பளமில்லா விடுப்பில் தவித்து, கடன் தவணைக்குப் பயந்து பாதிக் குணத்தோடு ஓடி வருபவர்கள் இருக்கிறார்கள். ஹெச்ஆர் இதை முதல் நாளே எடுத்துச் சொல்ல வேண்டும்.

சட்டத்தில் இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் போதும். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையை 23-ஆம் பிரிவில் தருகிறது. நம் ஆட்களுக்கு இது மிக முக்கியம். ஏனென்றால் செவிலியர் பலர் தாங்கள் வேலை செய்யும் மருத்துவமனையிலேயே சிகிச்சை பெறுகிறார்கள். கேஸ் ஷீட்டைப் பார்க்க வழியுள்ளவர் அங்கே அடுத்த மேஜையிலேயே இருப்பார். சிகிச்சைக் குழுவில் இல்லாத யாரும் அதைத் திறக்கக் கூடாது. அந்தக் கூச்சமே வேண்டாம் என்று நினைப்பவர், புதுச்சேரியில் வேலை செய்தால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும், கடலூரில் வேலை செய்தால் ஜிப்மரிலும் பார்த்துக்கொள்வது ஒன்றும் புதிதல்ல.

இரண்டாவது, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. நீண்ட நாள் நீடித்து அன்றாடச் செயல்பாட்டைப் பாதிக்கும் மனநோயும் அதன் பட்டியலில் உண்டு. அப்படிப்பட்ட நிலை பணிக்காலத்தில் வந்தால், அரசு நிறுவனம் அவரை வேலையை விட்டு நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்று 20-ஆம் பிரிவு சொல்கிறது. இருக்கும் பணி ஒத்துவரவில்லை என்றால் அதே ஊதிய நிலையில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும்.

தொகுப்பூதியத்தில் இருப்பவர்களுக்கும் ஏஜென்சி மூலம் வந்தவர்களுக்கும் இவற்றில் பாதி நடைமுறையில் எட்டுவதில்லை. அவர்களில் ஒருவர் விடுப்பு கேட்டு வந்தால், திரும்பி வரும் தேதியையும் அதே இடம் காத்திருக்கும் என்பதையும் எழுத்தில் கொடுங்கள். வாய்வார்த்தையை நம்பி வீட்டுக்குப் போனவருக்கு அங்கே தூக்கம் வராது.

படி 3: சேருவதற்கு ஒரு வாரம் முன்பு உட்கார்ந்து பேசுங்கள்

வார்டு நர்ஸிங் ஸ்டேஷனில் வேண்டாம். கதவு மூடும் அறையாக இருக்கட்டும். அவர் விரும்பினால் கூட ஒருவரை அழைத்து வரட்டும். அரை மணி நேரம் போதும். நோயைப் பற்றி விசாரிக்க வேண்டாம். வேலையைப் பற்றிக் கேளுங்கள். எந்த ஷிப்ட் கஷ்டம், வார்டில் எது நடந்தால் படபடப்பு வருகிறது, மாத்திரை போட்டால் காலையில் எத்தனை மணிக்குத் தெளிவு வருகிறது, ஊரிலிருந்து பஸ் எத்தனை மணிக்கு. கூடவே இன்னொரு கேள்வியையும் விடாதீர்கள்.

"வார்டுல கேப்பாங்கம்மா. நான் என்ன சொல்லணும்னு நீங்க நினைக்கிறீங்க?"

"உடம்பு சரியில்லாம இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க மேடம். மத்தது நானே பாத்துக்கிறேன்."

சரி, அவ்வளவுதான் வார்டுக்குத் தெரிய வேண்டியது. வேறு ஒருவர், "டிப்ரஷன்னே சொல்லுங்க, எனக்கு ஒன்னும் இல்லை" என்றும் சொல்லலாம். அதுவும் அவர் விருப்பம். எதைச் சொல்வது என்று இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தில் ஒத்துப்போக வேண்டும். ஆளுக்கொரு மாதிரி சொன்னால் டீ நேரத்துக்குள் கதை கட்டிவிடுவார்கள்.

வீட்டு ஆட்களோடு பேசுவது அவர் சம்மதித்தால் மட்டும். ஆனால் வீட்டு வேலை எவ்வளவு என்று அவரிடமே கேட்கலாம். ஈவினிங் டியூட்டி முடிந்து ஒன்பதரைக்கு வீடு சேர்ந்து, அதற்கப்புறம் பாத்திரம் கழுவி மறுநாள் சமையலுக்கு நறுக்கி வைப்பவருக்கு, தாளில் எட்டு மணி நேரத் தூக்கம் எழுதிக் கொடுத்து என்ன பயன்?

படி 4: ரோஸ்டர்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

பிரிட்டனில் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் மருத்துவமனைகளில் படிப்படியாக மணி நேரத்தைக் கூட்டித் திரும்பும் ஏற்பாடு வழக்கத்தில் இருக்கிறது. நம் ஊரில் பாதி நேர டியூட்டிக்குப் பெரும்பாலும் வழியில்லை. அதற்குப் பதிலாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு: முதல் இரண்டு வாரம் அவரை ஆள் கணக்கில் சேர்க்காதீர்கள். மார்னிங்கில் நாலு பேர் வேண்டும் என்றால், இவர் ஐந்தாவதாக இருக்கட்டும். தனக்கென்று படுக்கைகள் இல்லாமல் இன்னொருவரோடு சேர்ந்து வேலை பார்ப்பார். முழு நாள் வேலை, முழுச் சம்பளம், ஆனால் அவர் தடுமாறினால் வார்டு தடுமாறாது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஆள் கூடுதல் என்று சூப்பரிண்டென்ட் முணுமுணுக்கலாம். மறுபடி அவர் மூன்று மாத விடுப்பில் போனால் எத்தனை ஷிப்ட் எக்ஸ்ட்ரா பார்க்க வேண்டிவரும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

மூன்றாவது, நான்காவது வாரம் சொந்தமாகப் படுக்கைகள் கொடுக்கலாம், மற்றவர்களுக்குக் கொடுப்பதில் பாதி அளவு. ஐசியு, கேஷுவாலிட்டி வேண்டாம். ஐந்தாம் வாரத்திலிருந்து முழு எண்ணிக்கை. நைட் ஏழு, எட்டாம் வாரத்துக்குப் பிறகு, மருத்துவர் சம்மதித்தால். முதல் முறை தொடர்ந்து ஆறு நைட் போடக் கூடாது. இரண்டு போட்டு, இரண்டு நாள் ஆஃப் கொடுத்து, எப்படித் தூங்கினார் என்று கேட்டுவிட்டு அடுத்ததை எழுதுங்கள். அந்த இரண்டு இரவும் கூட இருப்பவர் சீனியராக, அவருக்குப் பிடித்தவராக இருக்கட்டும்.

இந்த வார எண்கள் எல்லோருக்கும் பொருந்தாது. இருமுனைக் கோளாறு உள்ளவருக்குத் தூக்கக் கேடே அடுத்த உன்மத்த நிலையை (மேனியா) கிளப்பிவிடலாம். சிலருக்கு மருத்துவர் ஓராண்டுக்கு நைட் வேண்டாம் என்பார், சிலருக்கு எப்போதுமே வேண்டாம் என்பார். அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். நைட் பார்க்காத செவிலியர் செவிலியரே இல்லை என்ற பேச்சு நம் வார்டுகளில் ரொம்ப நாளாக ஓடுகிறது. ஓபி, தடுப்பூசிப் பிரிவு, டயாலிசிஸின் பகல் ஷிப்ட், நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவு எல்லாம் செவிலியர் வேலை இல்லையா?

எல்லோரும் கவனிக்கத் தவறுவது ஷிப்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை. புதுச்சேரியில் ஈவினிங் முடித்து ஒப்படைத்துவிட்டு, முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாகக் கடலூர் போய்ச் சேர்பவருக்கு, மறுநாள் மார்னிங் ஏழு மணிக்கு என்றால் ஐந்தேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். தூங்க மிஞ்சுவது ஐந்து மணி நேரம்கூட இல்லை. திரும்பி வந்த முதல் மூன்று மாதம் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போடவே கூடாது.

இன்னொரு விதியையும் நான் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கச் சொல்வேன். ஒரே வாரத்தில் இரண்டு மாற்றம் வேண்டாம். மருந்தின் அளவு மாறுகிறது என்றால் அந்த வாரம் வார்டு மாற வேண்டாம். வார்டு மாறுகிறது என்றால் நைட் ஆரம்பிக்க வேண்டாம். உடம்பு கெட்டால் எதனால் கெட்டது என்று அப்போதுதான் தெரியும்.

படி 5: மாத்திரைக்கும் டியூட்டிக்கும் உள்ள தொடர்பு

இது செவிலியர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் நோயாளிக்குச் சொல்வதைத் தனக்குச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

குவெட்டியாபின், ஒலான்சபின், மிர்டசபின் போன்ற மனநல மாத்திரைகள் இரவில் போட்டால் காலை வரை கண்ணைச் சொக்க வைக்கும். இவர்களுக்கு முதல் வாரங்களில் மார்னிங்கைவிட ஈவினிங் டியூட்டி நல்லது. மார்னிங்தான் சுலபம் என்று நினைத்துக் கருணையோடு மார்னிங் போட்டுக் கொடுக்கும் இன்சார்ஜ்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாத்திரையைக் கொஞ்சம் முன்னதாகப் போடலாமா என்பதை மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் எடுப்பவர்கள் விஷயத்தில் இரண்டு கவனம். கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் ரத்தத்தில் அளவு பார்ப்பார்கள். ஷிப்ட் மாறி மாத்திரை நேரமும் மாறினால் அந்த முடிவை நம்ப முடியாது. ஆகவே பரிசோதனை நாளை முன்பே கேட்டு வாங்கி, அதற்கேற்ப டியூட்டி போடுங்கள். அப்புறம், முதுகுவலிக்கு வார்டிலேயே ஒரு டைக்ளோஃபினாக் எடுத்து வாயில் போட்டுக்கொள்வது நம்மில் பலருக்குப் பழக்கம். லித்தியத்தோடு அது ஆபத்து. ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். ஐபுபுரூஃபனும் அப்படித்தான். சித்திரை, வைகாசி வெயிலில் மின்விசிறி மட்டும் ஓடும் வார்டில் தண்ணீர் குடிக்க நேரமில்லாமல் வேர்த்து நிற்பதும் அதே வேலையைச் செய்யும். கை நடுக்கம் கூடுவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுவது தெரிந்தால் சமாளிக்க விடாமல் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

நன்றாகிவிட்டது என்று மாத்திரையைத் தானே நிறுத்திவிடுவதும் நடக்கும். மனச்சோர்வு சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடர்வது வழக்கம். மாதாந்திர ரிவ்யூ நாளன்று டியூட்டி போட்டு அதைத் தவறவிட வைக்காதீர்கள்.

படி 6: முதல் நாள்

மாலை, கேக், வரவேற்பு எதுவும் வேண்டாம். டியூட்டி தொடங்க கால் மணி நேரம் முன்பு வரச் சொல்லி, அவர் இல்லாதபோது மாறியவற்றைக் காட்டுங்கள்: புதிய சார்ட், புதிய இன்ஃப்யூஷன் பம்ப், இடம் மாறிய அலமாரி. பழைய இடத்தில் கையை விட்டு மருந்து இல்லாமல் நிற்பது சின்ன விஷயம்தான், ஆனால் அன்றைக்கு அது அவரைக் கலங்கடிக்கும்.

விடுப்புக்குக் காரணம் வார்டில் நடந்த ஒன்றாக இருக்கலாம். பிரசவத்தில் இறந்துபோன ஒரு தாய், நோயாளிக்குத் துணையாக வந்து கைநீட்டி அடித்த ஓர் உறவினர். அப்படியென்றால் அதே அறை, அதே படுக்கையில் அவரை முதல் வாரம் நிறுத்த வேண்டாம்.

"மெண்டல்" என்ற சொல்லை வார்டில் யாரும் யாரைப் பற்றியும் பேச்சுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்பதை அவர் வருவதற்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வந்த பிறகு சொன்னால் எல்லோர் கண்ணும் அவர் மேல் திரும்பும்.

படி 7: மருந்து டிராலியில் தவறு நேராமல் பார்ப்பது

மனச்சோர்வில் மனநிலை தெளிந்த பிறகும் கவனமும் ஞாபகமும் மந்தமாக இருப்பது கொஞ்ச காலம் தொடரலாம். அவருக்கே அது தெரியும். அந்தப் பயத்தில்தான் ஒரே ஊசியை மூன்று முறை எடுத்துப் பார்ப்பார்.

அவருக்கு மட்டும் காவல் போடாதீர்கள். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு ஆகியவற்றை இரண்டு பேர் பார்த்து இரண்டு கையெழுத்துப் போட வேண்டும் என்று வார்டுக்கே விதியாக்குங்கள். இந்த மூன்றும் யார் கையிலும் தவறக்கூடியவைதான். மருந்து எடுக்கும் நேரத்தில் போனும் உறவினர் கேள்வியும் இன்னொருவர் பொறுப்பு என்று ஒதுக்குங்கள்.

தவறு நடந்துவிட்டால், மற்றவர்களுக்கு எப்படி எழுதுவீர்களோ அப்படியே இவருக்கும் எழுதுங்கள். மெமோவில் விடுப்பைப் பற்றியோ நோயைப் பற்றியோ ஒரு சொல் வரக் கூடாது.

படி 8: வாரம் ஒருமுறை பத்து நிமிடம்

முதல் மூன்று மாதம், குறித்த நாளில், நின்றுகொண்டே பேசினாலும் பரவாயில்லை. தூக்கம் எப்படி, எந்த ஷிப்ட் இடித்தது, அடுத்த வாரத்தில் எதை மாற்ற வேண்டும் என்ற மூன்று கேள்வி. அதில் முடிவானதை அடுத்த ரோஸ்டரில் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் மூன்றாவது வாரம், "எல்லாம் நல்லாயிருக்கு மேடம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கொண்டுபோவது, ஒப்படைக்கும்போது திணறுவது, அடிக்கடி கடைசி நேர லீவு, காரணமில்லாமல் கழிவறையில் நெடுநேரம், அல்லது இதற்கு நேர்மாறாகத் தூங்காமலே சுறுசுறுப்பாகத் தொடர்ந்து டபுள் டியூட்டி கேட்பது. இவற்றைப் பார்த்தால் தனியாகக் கூப்பிட்டு நேராகக் கேளுங்கள். உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாமல், மனநல மருத்துவரிடம் அன்றைக்கே கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416 இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

தற்கொலை முயற்சிக்குப் பிறகு திரும்புபவர் என்றால், மருந்து அலமாரிச் சாவி கொஞ்ச காலம் அவரிடம் தனியாக இருக்க வேண்டாம். இதை அவரோடும் மருத்துவரோடும் பேசி முடிவு செய்யுங்கள், மறைமுகமாகச் செய்யாதீர்கள். "அவங்க மேல போலீஸ் கேஸ் இருக்குமே" என்று நிர்வாகத்தில் யாராவது இழுத்தால், மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவைக் காட்டுங்கள். முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. வேறாக நிரூபிக்கப்படாதவரை தண்டனை கிடையாது.

படி 9: ஐப்பசி, கார்த்திகைக்கு முன்கூட்டியே திட்டம்

நம் கடற்கரையில் எந்த ரோஸ்டரும் புயலில் உடையும். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல், 2015 மழை வெள்ளம், 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெங்கல். சாலை அடைபட்டால் டியூட்டியில் இருப்பவர் வீட்டுக்குப் போக முடியாது, அடுத்தவர் வர முடியாது. முப்பது மணி நேரம் வார்டிலேயே நிற்பவர்களில் திரும்பி வந்தவரும் ஒருவராக இருப்பார்.

அதனால் அவருடைய பையில் ஒரு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் ஆட்களைப் பிரிக்கும்போது, அவருக்கு நாலைந்து மணி நேரம் விளக்கணைத்துத் தூங்க ஒரு இடமும் நேரமும் முன்பே எழுதி வையுங்கள். மழை விட்டதும் முதலில் ஆஃப் போகிறவர்களில் அவர் பெயரும் இருக்கட்டும். சேரும் தேதி அக்டோபரில் விழுகிறது என்றால், நைட் ஆரம்பிப்பதை ஜனவரிக்குத் தள்ளிவைப்பது புத்திசாலித்தனம்.

படி 10: இன்சார்ஜ் மாறும்போது

இவ்வளவையும் செய்த இன்சார்ஜ் டிரான்ஸ்ஃபரில் போனால், அடுத்தவர் வந்த முதல் வாரமே ஆறு நைட் எழுதிவிடுவார், அவருக்குத் தெரியாது. போவதற்கு முன்பு திரும்பி வந்தவரைக் கூப்பிட்டு, புதியவரிடம் எதைச் சொல்லலாம் என்று கேளுங்கள். மருத்துவரின் நாலு வரிக் கடிதத்தின் நகலும், இதுவரை எந்த ஷிப்ட் வரை வந்திருக்கிறோம் என்ற ஒரு பக்கக் குறிப்பும் சூப்பரிண்டென்டின் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும், வார்டு ஃபைலில் வேண்டாம். புதிய இன்சார்ஜ் பொறுப்பேற்கும் நாளில் மூன்று பேரும் உட்கார்ந்து அடுத்த மாத டியூட்டி சார்ட்டைச் சேர்ந்தே போட்டுவிடுங்கள்.